டோபி காட்டிலிருந்து தெற்குத் தீவுகளுக்கு

டோபி காட் நிலையத்தில் தெற்கு நோக்கிப் போகும் சிவப்புத் தடத்து ரயிலில் ஏறினால் நான்காவது நிறுத்தம் மரினா சவுத் பியர். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை; படியேறி வெளியே வந்தால் படகுத்துறை. பத்து நிமிடத்துப் பயணம்தான். ஆனால் ராஃபிள்ஸ் பிளேஸைத் தாண்டியதும் ரயில் ஓடுவது, ஒரு காலத்தில் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்த கடற்பரப்பின் அடியில். மண்ணைக் கொட்டிக் கடலைத் தெற்கே தள்ளிக்கொண்டே போன ஊர் இது. தெலுக் ஆயர் தெருவில் 1828-ல் தொடங்கி 1830-ல் கட்டி முடிக்கப்பட்ட நாகூர் தர்கா அன்று கடலைப் பார்த்தபடி நின்றது. இன்று அதன் வாசலில் நின்றால் வங்கிகளின் கண்ணாடிச் சுவர்கள் தெரிகின்றன. கடலைக் காண ரயில் ஏற வேண்டும்.

டோபி காட்டிலும் அன்று தண்ணீர் ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, இப்போது ஒய்எம்சிஏ கட்டடம் நிற்கும் பக்கத்துப் புல்வெளியில் விரித்துக் காயப்போட்டார்கள். 1870களில் ஓடையைக் கரைகட்டி ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாக்கினார்கள். 1939-ல் கேத்தே திரையரங்கு வந்தது, 1974-ல் பிளாசா சிங்கப்பூரா, 1987-ல் ரயில். 2003-ல் வடகிழக்குத் தடமும் 2010-ல் வட்டத் தடமும் சேர்ந்துகொள்ள, டோபி காட் மூன்று தடங்கள் கூடும் சந்திப்பானது. கால்வாய் பெரும்பாலும் சாலைக்கும் நடைபாதைக்கும் கீழே மறைந்துவிட்டது. 2008-ல் மரினா அணை திறக்கப்பட்ட பிறகு அந்த நீர் கடலில் கலப்பதும் இல்லை. நீர்த்தேக்கத்தில் சேர்ந்து சுத்திகரிக்கப்பட்டு வீட்டுக் குழாய்களுக்கு வருகிறது. துணி துவைத்த ஓடை குடிநீராகியிருக்கிறது. இதைப் பெரிய வரவு என்றே நினைக்கிறேன்.

மரினா சவுத் படகுத்துறையிலிருந்தும் சற்று மேற்கே செந்தோசாவிலிருந்தும் தெற்குத் தீவுகளுக்கு உல்லாசப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போவது இன்று சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களிடையேயும் பரவிவிட்ட வழக்கம். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், ஐம்பதாம் ஆண்டு மணவிழா, நிறுவனத்தின் ஆண்டிறுதி விருந்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வாடகை பெரும்பாலும் நான்கு மணி நேரக் கணக்கில். படகின் நீளத்தையும், வார நாளா வார இறுதியா என்பதையும் பொறுத்து நல்ல விசைப்படகு ஒன்றுக்கு ஆயிரம் வெள்ளியில் தொடங்கிப் பல ஆயிரம் வரை கேட்பார்கள். மாலுமியும் உதவியாளரும் எரிபொருளும் பொதுவாக அந்தத் தொகைக்குள் அடக்கம். எத்தனை பேர் ஏறலாம் என்பது படகின் உரிமத்தில் இருக்கும். அதற்கு மேல் ஒரு குழந்தையைக்கூட ஏற்ற மாட்டார்கள். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று காட்டிய பிறகே கயிற்றை அவிழ்ப்பார்கள்.

செந்தோசா கோவ் பகுதியில் உள்ள ஒன் ஃபிஃப்டீன் மரினாவிலிருந்து புறப்பட்டால் அரை மணி நேரத்துக்குள் லாசரஸ் தீவின் பிறை வடிவக் குடாவில் நங்கூரம் இறங்கிவிடும். வழியில் எண்ணெய்க் கப்பல்களும் சரக்குப் பெட்டகக் கப்பல்களும் வரிசையாக நிற்கும். குடாவுக்குள் நுழைந்ததும் நீரின் நிறம் மாறும். அந்தக் கரையில் பெரும்பகுதி இயற்கையாக அமைந்ததன்று. பக்கத்தில் இருந்த செரிங்காட் தீவுடன் லாசரஸை மண்ணிட்டு இணைத்து, வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து பரப்பி உருவாக்கியது. சிலர் நீந்துவார்கள், சிலர் துடுப்புப் பலகையில் நிற்கப் பழகுவார்கள். தேக்கா கடைகளிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பிரியாணிப் பொட்டலங்கள் மேல்தளத்தில் பிரிக்கப்படும். மேற்கே சுமத்ராப் பக்கம் வானம் கறுத்தால் மாலுமி யாரையும் கேட்காமல் நங்கூரத்தைத் தூக்குவார். ‘சுமத்ரா’ என்றே அழைக்கப்படும் அந்தத் திடீர்க் காற்று ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எந்த விடியலிலும் வரலாம். மழை பொய்த்துவிட்டால் பொழுது அழகாகப் போய், கணக்காக நான்காம் மணி நேரத்தில் படகு துறைக்குத் திரும்பும்.

லாசரஸ் குடாவில் நிற்கும் படகிலிருந்து பார்த்தால் பக்கத்தில் தெரியும் மரங்கள் அடர்ந்த தீவு செயின்ட் ஜான்ஸ். 1819 ஜனவரியில் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைப்பதற்கு முன் நங்கூரமிட்டது இதன் அருகில்தான். பள்ளிப் பாடத்தில் இது வரும். பாடத்தில் அதிகம் இடம்பெறாத கதை ஒன்று இந்தத் தீவுக்கு உண்டு. அது எங்கள் பெரியவர்களின் கதை.

1873-ல் சிங்கப்பூரில் காலரா பரவியது. மறு ஆண்டு நவம்பரில் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறக்கப்பட்டது. சீனாவின் ஸ்வாத்தௌவிலிருந்து மில்டன் என்ற கப்பலில் நோயோடு வந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதன் முதல் ஆட்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக் காலம், கப்பலின் தளத்தில் இடம்பிடித்து வந்த ஏழைப் பயணிகள் பலர், சீனரோ தமிழரோ, நகரத்தைப் பார்ப்பதற்கு முன் இந்தத் தீவைத்தான் பார்த்தார்கள். அறைகளில் வந்த மேல்வகுப்புப் பயணிகளுக்குப் பெரும்பாலும் இது கிடையாது. மருத்துவர் கப்பலுக்கே வந்து பார்த்துவிட்டு அவர்களைக் கரைக்கு அனுப்பிவிடுவார். தளத்தில் வந்தவர்களைத் தீவில் இறக்கி, வரிசையில் நிறுத்தி, குளிக்க வைத்து, உடுத்த துணியை வாங்கி நீராவியில் கிருமி நீக்கி, பிறகு கொட்டகைகளில் நாள் கணக்கில் வைத்திருப்பார்கள். அம்மையோ காலராவோ ஒருவருக்குத் தென்பட்டால் எல்லோருக்கும் நாட்கள் கூடும். 1930களில் உலகின் பெரிய தனிமைப்படுத்தும் நிலையங்களில் ஒன்றாக இது பேசப்பட்டது.

அந்தப் பயணத்தின் அளவை இன்றைய உல்லாசப் படகில் உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பது கடினம். ரஜூலா கப்பல் 1926-ல் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தமான அது சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றி, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர ஒரு வாரம் ஆகும். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் படுக்கை கிடையாது. ஒரு பாய் விரிக்கும் அகலம்தான் அவர் இடம். தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஊறுகாயும் அவலும் தீர்வதற்குள் கரை வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்ததாக ரஜூலாவில் வந்த முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று பன்னிரண்டு பேருக்கென்று உரிமம் பெற்ற படகில் பதின்மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அன்று ஒரே கப்பலில் ஐயாயிரம் பேர்.

ரஜூலா ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி 1973-ல் ஓய்ந்தது. அதன் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அத்தோடு தமிழ்நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடல் வழிப் பயணம் என்பது முடிந்துபோன செய்தியாயிற்று. இன்று திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டே வந்த தலைமுறைக்கும், மேகத்துக்கு மேலே தூங்கிக்கொண்டு வரும் தலைமுறைக்கும் கடல் ஒன்றாக இருக்க முடியாது. முன்னவர்களுக்கு அது சாலை. நமக்கு அது விடுமுறை.

ஆற்றிலும் இதே மாற்றம் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெகுகாலம் சிங்கப்பூர் ஆற்றின் சரக்குத் தோணிகளை ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பலிலிருந்து மூட்டைகளை இறக்கி, நீரோட்டமும் ஏற்றவற்றமும் பார்த்துப் பாலங்களுக்கு அடியில் தோணியை நுழைத்துக் கிடங்குப் படிகளில் சேர்க்கும் வேலை. நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு கடலில் இறங்கியவர்கள் அவர்கள். தெலுக் ஆயர் தர்கா எழுந்ததற்கு அந்த நேர்ச்சைதான் அடித்தளம். பிறகு தொழில் மெல்லச் சீனரிடம் போனது. முன்புறத்தில் கண் வரைந்த துவாக்கோ படகுகள் ஆற்றை நிறைத்தன. 1977-ல் ஆற்றைத் தூய்மையாக்கும் பெரும்பணி தொடங்கியது. 1983-ல் சரக்குத் தோணிகள் அனைத்தும் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. பணி முடிந்த 1987-ல் ஆறு நாற்றம் நீங்கி, மீன்கள் திரும்பி, தோணி இல்லாத ஆறாக இருந்தது. ஆற்றின் நாற்றத்தை அறிந்தவர்கள் யாரும் அது திரும்ப வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். நீரோட்டத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இல்லாமல் போனது மட்டும் எனக்கு இழப்பாகவே படுகிறது.

மகிழ்ச்சிக்காகத் தீவுக்குப் போவது அந்தத் தளப் பயணத்துக்கும் இன்றைய உல்லாசப் படகுக்கும் நடுவே வந்தது. 1933-ல் திறக்கப்பட்ட கிளிஃபர்டு துறையில் படகுக்காரர்கள் கூவி அழைப்பார்கள். பேரம் பேசி, குடும்பம் குடும்பமாக ஒரு விசைத் தோணியைப் பகலுக்குப் பிடித்துக்கொண்டு, குசுவுக்கோ சிஸ்டர்ஸ் தீவுக்கோ போவார்கள். தோணியில் நிழலுக்கு ஒரு கூரை, பின்னால் இரைச்சலான இயந்திரம், அவ்வளவுதான். மாலையில் எத்தனை மணிக்கு வந்து அழைத்துப் போக வேண்டும் என்று படகுக்காரரிடம் சொல்லிவிட்டால் வந்துவிடுவார். வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டியதுதான். உயிர்காப்பு அங்கி பற்றி அன்று பேச்சு குறைவு. 2006 ஏப்ரலில் கிளிஃபர்டு துறை மூடப்பட்டுப் படகுகள் மரினா சவுத்துக்குப் போயின. துறையின் வளைவுக் கூரைக்குக் கீழே இன்று ஹோட்டல் விருந்து நடக்கிறது. கட்டடத்தை இடிக்காமல் காத்தது நல்ல காரியம். பேரம் பேசிய குரல்களைக் காக்கும் வழி யாருக்கும் தெரியாது.

குசு 1975-ல் எட்டரை ஹெக்டேராக வளர்க்கப்பட்டது. அதே ஆண்டில் செயின்ட் ஜான்ஸ், கடைசியாக அங்கிருந்த அபின் மறுவாழ்வு நிலையத்தையும் கைவிட்டு விடுமுறைத் தங்குமிடமாயிற்று. நோயாளிகளுக்கும் அபின் அடிமைகளுக்கும் இடையே அங்கே அரசியல் கைதிகளும் இருந்தார்கள். பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரான தேவன் நாயர் 1951-ல் கைதாகி வைக்கப்பட்டது இந்தத் தீவில்தான். ஒரே நிலத்தில் தனிமை, தண்டனை, சிகிச்சை, விடுமுறை. தெற்குத் தீவுகளில் பரம்பரையாக வாழ்ந்த மலாய் மக்கள் 1970களில் தொடங்கி நகரின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். தீவுக்குப் போவது எளிதானபோது தீவுக்காரர் இல்லாமல் போனார்.

இந்தக் கதை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. உல்லாசப் படகு என்றதும் உலகம் முதலில் நினைப்பது கரீபியன் கடலை. வசதியுள்ள சிங்கப்பூர்க் குடும்பங்களில் சிலரும் இப்போது அங்கே போகிறார்கள். அங்கே வாடகை மணிக் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில். புயல் காலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை என்பதால் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் கூட்டம். பெரிய விசைப்படகு என்றால் வாடகைக்கு மேல் எரிபொருள், உணவு, துறைக் கட்டணம் ஆகியவற்றுக்காக ஏறக்குறைய 30 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டச் சொல்வார்கள்; மிஞ்சினால் திருப்பித் தருவார்கள். பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் ஒரு தீவிலிருந்து அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். காலையில் ஒரு குடா, மாலையில் வேறொரு குடா.

அந்தக் கடலிலும் நம்மவர்கள் வேறு விதமாகப் போயிருக்கிறார்கள். 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப் தீவில் ஔரேலி என்ற கப்பல் முன்னூற்றுச் சொச்சம் இந்தியர்களை இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி வழியே போனவர்கள் அவர்கள். கேப் முனையைச் சுற்றிக்கொண்டு போக மாதக் கணக்கில் ஆன பயணம். முத்துசாமி என்ற பெயரைக் குடும்பப் பெயராகத் தாங்கியவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் இறங்கிய புவாந்த்-ஆ-பீத்ர் ஊரில் இப்போது ஆயிரம் படகுக்குக் குறையாமல் நிற்கும் உல்லாசத் துறை உண்டு. டிரினிடாடிலும் ஒரு செயின்ட் ஜான்ஸ் உண்டு. அதன் பெயர் நெல்சன் தீவு. 1866-லிருந்து 1917 வரை இந்தியக் கூலிகள் முதலில் இறக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்ட இடம். பின்னர் அங்கும் தொழிற்சங்கத் தலைவர் யூரையா பட்லரைச் சிறைவைத்தார்கள். அதன் அருகே சகுவராமாஸ் கரையில் இன்று வெளிநாட்டு உல்லாசப் படகுகள் பழுது பார்க்கப்படுகின்றன. இரண்டு பெருங்கடல்கள் தாண்டியும் தீவுகளின் தலைவிதி இப்படி ஒத்திருப்பது தற்செயல் இல்லை. நோய்க்கும் கலகத்துக்கும் அஞ்சிய அரசுகளுக்கு, கரையிலிருந்து சற்றே தள்ளியிருக்கும் சிறு தீவு மிகவும் வசதியான இடம். நூறு ஆண்டு கழித்து அதே தூரம்தான் பொழுதுபோக்குக்கும் வசதியாகிறது.

இதையெல்லாம் முடிந்துபோன பழங்கதை என்று சொல்லிவிடலாமா என்றால், 2020 இடறுகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 7-ல் கொரோனாப் பரவலால் சிங்கப்பூர் முடங்கியது. தங்கும் விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் விடுதியை விட்டு வெளியே வர முடியாமல் மாதக் கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டவர். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகள். மே மாதம், நோயிலிருந்து மீண்டவர்களில் ஒரு பகுதியினரை மரினா பே கப்பல் முனையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சூப்பர்ஸ்டார் ஜெமினி, சூப்பர்ஸ்டார் அக்குவேரியஸ் என்ற இரண்டு உல்லாசக் கப்பல்களில் தங்க வைத்தார்கள். மரினா சவுத் படகுத்துறைக்குப் பக்கத்தில்தான் அந்த முனையம். அங்கிருந்து தெற்கே பார்த்தால் செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம். ஐயாயிரம் பேர் பாயில் படுத்து வந்த காலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆளுக்குக் கட்டில் இருந்தது, கழிவறையோடு அறை இருந்தது, மருத்துவம் இருந்தது, சம்பளமும் தொலைபேசியும் இருந்தன. உயிரிழப்பு மிகக் குறைவு. அன்று செயின்ட் ஜான்ஸ் கொட்டகையில் கிடந்தவருக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. ஆனாலும் எந்த மனிதர் எங்கே, எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்பதை அவர் எந்தத் தளத்தில் வந்தார் என்பதே முடிவு செய்தது. அந்த வழக்கம் முழுதாக ஒழியவில்லை.

அதே ஆண்டின் பிற்பகுதியில், விமானம் ஏற வழியில்லாத நகரவாசிகள் உல்லாசப் படகுகளைத் தேடிப் போனார்கள். ஜூனிலிருந்து ஐவர் சேர்ந்து வெளியே போகலாம் என்றும், டிசம்பர் இறுதியிலிருந்து எண்மர் என்றும் விதி தளர்ந்தது. பாலிக்கும் பினாங்குக்கும் போகும் பணம் லாசரஸுக்குப் போனது. பல குடும்பங்களுக்குத் தங்கள் ஊருக்குத் தீவுகள் உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. இந்தத் தெரிவு அவர்களுடையது என்பதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தொலைவு முழுவதும் இருக்கிறது. தளப் பயணியின் பேத்தி, தான் விரும்பிய நாளில், விரும்பியவர்களோடு, விரும்பிய குடாவுக்குப் போகிறார். இதை வாங்கிக் கொடுக்க மூன்று தலைமுறை உழைத்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

எனக்கு ஆதங்கம் வேறு ஒன்றில். நான்கு மணி நேரத்தில் படகு தீவைத் தொடுவதில்லை. நங்கூரம் குடாவில் இறங்குகிறது, நீச்சல் முடிகிறது, படம் எடுக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். அன்று நிலத்தில் இறக்கிவிட்டுக் கடலைத் தாண்ட விடவில்லை. இன்று கடலில் வைத்திருந்து நிலத்தைக் காட்டாமல் திருப்பி அனுப்புகிறது வாடகை நேரம். லாசரஸும் செயின்ட் ஜான்ஸும் ஒரு சிறு தரைப்பாலத்தால் இணைக்கப்பட்டவை. லாசரஸ் கரையில் இறங்கி நடந்தால் கொஞ்ச நேரத்தில் செயின்ட் ஜான்ஸ். பழைய மரங்கள் உண்டு, காவல் காலத்து வேலிகளின் மிச்சம் உண்டு. கடல் உயிர்களை ஆராயும் தேசிய ஆய்வுக்கூடமும் அங்கே இயங்குகிறது. படகு எடுக்க வசதியில்லாதவர்களுக்கும் வழி உண்டு: மரினா சவுத்திலிருந்து பொதுப் படகு செயின்ட் ஜான்ஸுக்கு நேராகப் போகிறது, உல்லாசப் படகின் வாடகையில் சிறு துளியே கட்டணம்.

அடுத்த முறை பிறந்தநாளுக்குப் படகு பேசும் குடும்பங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். பதிவு செய்யும்போதே மாலுமியிடம் சொல்லி, நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் கரைக்கு ஒதுக்குங்கள். வீட்டில் ரஜூலாவிலோ அதற்கு முந்தைய கப்பலிலோ வந்தவர்களின் பெயர் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். தரைப்பாலத்தைத் தாண்டியதும் அவர் சொல்லத் தொடங்குவார். பிள்ளைகளுக்குக் கேட்கப் பொறுமை இருக்கிறதா என்பது அங்கே போனால்தான் தெரியும்.